தலைப்பிள்ளையின் பங்கு

1977 ஆம் ஆண்டில் மேற்படிப்பின் பொருட்டு மான்செஸ்ரர் நகரில் வசித்தபோது, ஓர் அம்மையாரின் இல்லத்திற் குடியிருந்தேன். அவர் பஞ்சாலைத் தொழிலாளி ஒருவரின் ஐந்து மக்களுள் மூத்தவர்.

போர் முடிந்தபின், 1946 ஓகஸ்ட் 6 இல், பிரித்தானிய அரசு பிள்ளைகளுக்கு வாரம் 5 சிலிங் உதவிப்பணம் வழங்கத் தொடங்கிற்று. ஆயின் தலைப்பிள்ளைக்கு மட்டும் இல்லை. ஒரு பிள்ளையைத் தந்தையின் ஊதியம் காக்கும் என்பது சட்டஞ் செய்தோர் கணக்கு. தாயார் தபாற்கந்தோரிற் பெற்றுவரும் ஒரு பவுண், இளையோர் நால்வரின் சப்பாத்துக்களாக மாறும். போர்க்காலத்திலும் இல்லாத பாண் பங்கீடு அப்போது வந்து 1948 வரை நீடித்தது. வீட்டாரின் ஏழு கூப்பன் புத்தகங்களையும் ஏந்தி வரிசையில் நின்றவரோ, ஒன்பது வயது நிரம்பிய இம்மூத்தவரே! நானும் தலைப்பிள்ளை, ஆதலின் அவர் சொல்லாது விட்டதும் எனக்கு விளங்கிற்று.

1977 ஏப்பிரிலிலே சட்டம் மாறித் தலைப்பிள்ளைக்கும் வாரம் ஒரு பவுண் கிடைத்தது. அம்மையார் முதற்பணத்தைப் பெற்றுவந்து தம் ஒரே மகன்முன் வைத்தார். அவன் காரணமறியாது விழித்தான். "எனக்கு வரவேண்டியது, முப்பது வருடம் பிந்திவிட்டது" என்று சிரித்தவர், தேநீர் வார்க்கையிலும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.