திம்பத்துக்கு மேலே

கோவை காந்திபுரத்தில் சத்தியமங்கலம் பஸ் ஏறினால் அன்னூர், புளியம்பட்டி தாண்டி இரண்டு மணி நேரத்தில் அம்மிச்சி வீடு. என் பள்ளிக்கூட விடுமுறை எல்லாம் அங்கேதான் கழிந்தது. காலையில் பூ மார்க்கெட்டில் வந்து இறங்கும் மல்லிகை வாசம், பவானி ஆற்றுக் குளியல், வடக்கே பார்த்தால் வானத்தை மறைத்து நிற்கும் மலை. அந்த மலையைக் காட்டித்தான் அம்மிச்சி சந்தனக் கடத்தல் வீரப்பன் கதை சொல்லும்.

2000 ஜூலை 30 ராத்திரி தாளவாடிப் பக்கம் தொட்டகாஜனூர் தோட்ட வீட்டிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரை அவன் கடத்திப்போனது, 108 நாள் கழித்து விட்டது, 2004 அக்டோபர் 18 அன்று தர்மபுரி பாப்பாரப்பட்டி அருகே வீரப்பனைச் சுட்டுக் கொன்றது, அதிரடிப்படைத் தலைவர் விஜயகுமார் நேர்ந்துகொண்டபடி பண்ணாரியம்மன் கோயிலில் மொட்டை போட்டது. எல்லாமே எனக்கு மனப்பாடம். நான் பிறந்ததும் அதே 2004தான். கதை அத்தோடு முடிந்துவிட்டது என்றே இருபது வயதுவரை நினைத்திருந்தேன்.

கல்லூரி நூலகத்தில் ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவல் கைக்கு வந்தது. எழுதியவர் மனித உரிமை வழக்கறிஞர். வீரப்பனைத் தேடுகிறோம் என்று காட்டுக்குள் போன போலீஸ்காரர்களிடம் இந்த மலைப் பழங்குடிகளான சோளகர்கள் பட்ட பாட்டைச் சொல்கிற நாவல். இரண்டு ராத்திரி படித்தேன். நடுவில் பலமுறை மூடி வைத்தேன். அந்த ஊர்கள் எல்லாம் என் அம்மிச்சி வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெரிகிற மலைக்குப் பின்னால் இருப்பவை என்பதைத்தான் தாங்க முடியவில்லை. போன் போட்டுக் கேட்டேன். “அதெல்லாம் மேல நடந்தது கண்ணு. நமக்கென்ன தெரியும்?” என்றது அம்மிச்சி.

போன ஐப்பசியில் மாமாவோடு மேலே போனேன்.

பண்ணாரி செக்போஸ்ட் தாண்டியதும் காடு தொடங்கிவிடுகிறது. 27 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் லாரிக்கு வழிவிட்டு, ஏறி, நின்று, ஏறி, திம்பம் வரும்போது பஞ்சு மாதிரி மூடுபனி. கீழே சமவெளி முழுக்க மறைந்துவிட்டது. 2013 முதல் இது புலிகள் காப்பகம், 1,400 சதுர கிலோமீட்டருக்கும் மேல். புலி பெருகியதற்காக உலக அளவில் விருது வாங்கிய காடு. வழி நெடுக யானை, சிறுத்தை படம் போட்ட பலகைகள். இந்தக் காட்டில் தலைமுறை தலைமுறையாக மனிதர்களும் இருக்கிறார்கள் என்று சொல்லும் பலகை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

ஆசனூர் தாண்டி ஒரு தொட்டிக்கு, அதாவது சோளகர் குடியிருப்புக்குப் போனோம். அதன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், எழுதவில்லை. மாமாவுக்குப் பழக்கமான வீடு. எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பாட்டி சீமார்ப் புல்லைத் தட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். கன்னடம் கலந்த பேச்சு. பாதி எனக்குப் புரிந்தது, மீதியை மாமா சொன்னார்.

முதல் ஒரு மணி நேரம் மழை, ராகி, பன்றி வந்து மேய்ந்தது, இவ்வளவுதான். பிறகு மாமா, “ஏனுங்கம்மா, பிள்ளை அந்தக் காலத்தப் பத்திக் கேக்கோணும்னு வந்திருக்குது” என்றார். பாட்டி எழுந்து வாசலுக்குப் போய் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். முப்பது வருடம் கழித்தும் அந்தப் பார்வை போகவில்லை.

வீட்டில் ராகி கூடுதலாக இருந்தால், அது யாருக்கு என்று அதிரடிப்படைக்காரர்கள் கேட்பார்களாம். காட்டுக்குக் கிழங்கு தோண்டப் போனால், யாரைப் பார்க்கப் போனாய் என்பார்களாம். போகாமல் இருந்தால் பசி. இவருடைய வீட்டுக்காரரை ஒருநாள் ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். திரும்பி வந்தபோது கை மேலே தூக்க வரவில்லை. அதற்குப் பிறகு அவர் மரம் ஏறவில்லை, தேன் எடுக்கவில்லை. பெண்களுக்கு நடந்ததைப் பற்றி நான் கேட்கவில்லை. பாட்டியும் சொல்லவில்லை. புல்லைத் தட்டும் சத்தம் மட்டும் கொஞ்சம் பலமானது.

வீரப்பன் கூட்டத்தால் செத்தவர்களையும் நான் மறக்கவில்லை. 1991இல் வன அதிகாரி சீனிவாஸைத் தலை வெட்டிக் கொன்றார்கள். 1993 ஏப்ரல் 9 பாலாறு கண்ணிவெடியில் 22 பேர் செத்தார்கள். போலீஸ்காரர்களும், உளவு சொன்னவர்கள் என்று சந்தேகப்பட்ட மலைக்காரர்களும் அந்தக் கூட்டத்துக்குப் பலியானார்கள். ஆனால் அதனால் போலீஸுக்கு வந்த கோபமெல்லாம் இறங்கியது துப்பாக்கியே தொடாதவர்கள் மேல். பஞ்சாப் கலவரத்தை ஒட்டி 1985இல் கொண்டுவந்த தடா சட்டத்தில் மலைக்கிராமத்து ஆண்களையும் பெண்களையும் பிடித்து மைசூர் சிறையில் அடைத்தார்கள். 2001இல் தீர்ப்பு வந்தபோது பெரும்பாலோர் குற்றமற்றவர்கள். அதற்குள் அவர்கள் வாழ்க்கையில் எட்டு வருடம் போய்விட்டது.

1999இல் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் ஒரு குழு அமைத்தது. பல ஊர்களிலிருந்தும் வந்தவர்கள் அதன் முன் சாட்சி சொன்னார்கள். சட்டவிரோதக் காவல், மின்சாரம் பாய்ச்சியது, பாலியல் கொடுமை என்று அந்தச் சாட்சியங்கள் நீள்கின்றன. மாதேஸ்வரன் மலையில் சித்திரவதை நடந்த இடத்துக்கு ‘ஒர்க்‌ஷாப்’ என்று பெயர். வீரப்பன் செத்த கையோடு அதிரடிப்படையினருக்குப் பரிசுப் பணம், வீட்டு மனை, பதவி உயர்வு எல்லாம் அறிவித்தார்கள். சித்திரவதைப்பட்டவர்களுக்கு நிவாரணம் என்று ஆணையம் உத்தரவிட 2007 ஆனது. 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய். தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் 1992இல் பழங்குடியினருக்கு நடந்த கொடுமைக்கு 2011இல் 215 அரசு ஊழியர்களைக் கோர்ட் தண்டித்தது. இந்த மலைக்கு அப்படி ஒரு தீர்ப்பு வரவில்லை. இதை நான் அநீதி என்றே சொல்வேன்.

இருட்டும் முன் இறங்கிவிட்டோம். அம்மிச்சி சாப்பாடு போட்டது. நான் எதுவும் கேட்கவில்லை. அதுவாகவே ஆரம்பித்தது.

“மேல இருந்து ரெண்டு பொம்பளைங்க வருவாங்க கண்ணு. தேனு, சீமாறு, நெல்லிக்காயெல்லாம் கொண்டாருவாங்க. நம்ம திண்ணைலதான் உக்காந்து தண்ணி குடிப்பாங்க. நடுவால ரெண்டு மூணு வருசம் ஆளே வரல. ஜீப்பு மேல போறதையும் நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்.” சோற்றைப் பிசைந்த கை நின்றுவிட்டது. “ஏன் வரலைன்னு யாரையும் ஒரு வார்த்தை கேக்கலயே.”

எங்கள் வீட்டில் வீரப்பன் கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். அந்த இரண்டு பெண்களைப் பற்றி அன்றைக்குத்தான் முதல்முறை பேசினோம். அம்மிச்சிக்கு அவர்கள் பெயர் தெரியவில்லை.

மலையிலிருந்து கிளம்பும்போது பாட்டியிடம் ஒன்று கேட்டிருந்தேன், நீதிபதி முன்னால் போய்ச் சொன்னீர்களா என்று. போகவில்லையாம். போய்ச் சொன்னால் மறுபடியும் ஜீப் வரும் என்று பயம். வீட்டுக்காரர் செத்து இப்போது பல வருடம் ஆகிறது. அந்த 89 பேரில் அவர்கள் இல்லை.