பழி முடிந்த பின் எஞ்சும் கடன்



பழிவாங்கும் கதைகள் பெரும்பாலும் எதிரி வீழ்ந்ததும் முடிந்துவிடும். கோயன் சகோதரர்கள் 2010-இல் எடுத்த ‘ட்ரூ கிரிட்’ அங்கே முடிவதில்லை. தந்தையைக் கொன்றவனைத் தேடி, 14 வயது மேட்டி, ரூஸ்டர் காக்பர்ன் என்னும் ஒற்றைக்கண் காவல் அதிகாரியைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டு புறப்படுகிறாள். கொலைகாரனை அவளே சுட்டு வீழ்த்துகிறாள். ஆனால் துப்பாக்கி உதைத்த வேகத்தில் குழியில் விழ, பாம்பு தீண்டுகிறது. ரூஸ்டர் அவளைக் குதிரையில் ஏற்றி இரவெல்லாம் விரைகிறார். குதிரை சோர்ந்து விழுந்ததும் கைகளில் சுமந்து ஓடுகிறார். உயிர் தப்புகிறது, ஒரு கை போய்விடுகிறது.

25 ஆண்டுகள் கழித்து, அவர் கடிதம் எழுதி அழைத்ததன்பேரில் மேட்டி மெம்பிஸ் நகருக்குச் செல்கிறாள். அவர் மூன்று நாள்களுக்கு முன்பே இறந்துவிட்டார் என்ற செய்தியே அவளுக்குக் கிடைக்கிறது. உடலைத் தன் குடும்ப அடக்கத்தலத்திற்குக் கொண்டுவந்து அடக்கம் செய்கிறாள். ஜான் வெய்ன் நடித்து 1969-இல் வந்த முந்தைய படத்தில் இந்தக் கசப்பு இல்லை. அதில் அவளுடைய கை தப்புகிறது. அந்த அடக்கத்தலத்தில் தன் பக்கத்திலேயே ரூஸ்டருக்கு இடம் தருவதாக அவரிடமே சொல்கிறாள்.

பிந்தைய முடிவே எனக்கு மெய்யாகப் படுகிறது. பகைவனின் கணக்கு ஒரு நொடியில் தீர்ந்தது. துணை நின்றவருக்குப் பட்ட கடனோ 25 ஆண்டுகள் நிலுவையில் நின்று, கல்லறையில்தான் அடைபட்டது.

காசிமேடு என்றாலே பகையையும் கத்தியையும் காட்டுவது திரைப்படங்களின் வழக்கம். இங்கே வாழ்பவர்கள் அதைவிட அதிகமாகக் கண்டது தோழமையை. என் அத்தா மீன்பிடித் துறைமுகத்திற்கு அருகே வலையும் கயிறும் விற்கும் சிறு கடை வைத்திருந்தார். கூட்டாளி ஒருவர் கொள்முதல் பணத்துடன் மறைந்துவிடவே, கடை மூடப்பட்டது. அந்த மாதங்களில் கிறித்தவ மீனவர் ஒருவர், “பழைய பாக்கி” என்று சொல்லி அவ்வப்போது பணம் கொடுத்தனுப்புவார். நாங்கள் அவரை மாமா என்றழைப்போம். அத்தாவின் கணக்கு நோட்டில் அப்படியொரு பாக்கியே இல்லை.

அத்தா மறைந்த பிறகு, அந்தக் கூட்டாளியைத் தேடுவதே அண்ணனின் வேலையாயிற்று. வழக்குத் தொடுத்தார், வாய்தாக்களுக்கு அலைந்தார். இந்தப் படத்தை வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்த இரவில் அம்மா கேட்டார்: “ஏமாற்றியவன் எந்தத் தெருவில் இருக்கிறான் என்று உனக்குத் தெரியும். பாக்கி கொடுத்த மாமா எங்கே இருக்கிறார் என்று தெரியுமா?”

அண்ணன் பதில் சொல்லவில்லை.

இழைக்கப்பட்ட தீமைக்கு அதன் அளவிலேயே ஈடு கேட்கும் உரிமையை மார்க்கம் நமக்குத் தந்திருக்கிறது. மன்னிப்பவருக்குரிய கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது என்றும் சொல்கிறது. ஆகவே வழக்கு நடத்துவது தவறன்று. ஆனால் நன்றிக்கடனுக்கும் ஓர் இடம் உண்டு. அன்னை கதீஜா (ரலி) மறைந்து ஆண்டுகள் கடந்த பின்னும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஆடு அறுத்தால் அவருடைய தோழியருக்கும் இறைச்சியில் பங்கு அனுப்புவார்கள். துணை நின்றவரின் நினைவு, அவர் நேசித்த மனிதர்கள் வரை நீண்டது. மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராகார் என்பதும் நமக்குக் கற்பிக்கப்பட்டதே.

அண்ணன் விசாரித்துக் கண்டுபிடித்தார். மாமா திருவொற்றியூரில் மகள் வீட்டில் இருந்தார்; முதுமையால் செவி மங்கியிருந்தது. அத்தாவின் நோட்டை அண்ணன் அவர் கையில் கொடுத்து, “இதில் உங்கள் பெயரில் பாக்கி ஏதும் இல்லையே, மாமா” என்று உரக்கச் சொன்னார். பக்கங்களை மெல்லப் புரட்டிய முதியவர் சிரித்தார்.

“உங்க அத்தா எழுதாம விட்டிருப்பாரு. என் கணக்குல இருந்துச்சு.”

வழக்கு இன்னும் நடக்கிறது. அண்ணன் வாய்தாவுக்கும் போகிறார். மாதம் ஒருமுறை திருவொற்றியூருக்கும் போகிறார். நமக்குத் தீங்கு செய்தவர்களின் பெயர்கள் நம் மனத்தில் அழியாமல் இருக்கின்றன. நமக்குத் தோள் கொடுத்தவர்களில் இன்று உயிரோடிருப்பவர் யார் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக. மெம்பிஸுக்கு மேட்டி மூன்று நாள் தாமதமாகப் போனாள். நமக்கு அல்லாஹ் இன்னும் அவகாசம் தந்திருக்கலாம்.