கீழ்ச்சுருதி

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே ஒரு நாள் காலை எங்கள் மொரிஸ் மைனருக்குக் குரல் போய்விட்டது. மாத்தளைப் பக்கமிருந்து வந்த பஸ் ஒன்று, நின்றிருந்த லொறியைச் சுற்றிக்கொண்டு என் பாதைக்குள் இறங்கியது. ஸ்டீயரிங் நடுவிலுள்ள பொத்தானை அழுத்தினேன். தொண்டை கட்டியவர் செருமுவதுபோல ஓர் ஓசை வந்தது. மறுபடி அழுத்தியபோது அதுவும் இல்லை. ஓரமாக ஒதுங்கி நிறுத்தியதால் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் வீடு வந்து சேர்ந்த பிறகும் கை நடுங்கியது.

யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியும் குருநாகல் போகிற ஏ10 வீதியும் பிரிகிற ஊர் இது. கலகெதரைப் பக்கம் போனால் வளைவுக்கு மேல் வளைவு. ஹுன்னஸ்கிரியாவைத் தாண்டி மகியங்கனைக்கு இறங்கும் 18 வளைவு வீதியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மலை வீதியில் ஹோர்ன் அடிப்பவர் கோபப்படுவதில்லை. 'நான் வருகிறேன், அந்தப் பக்கம் யாராவது இருக்கிறீர்களா?' என்று கேட்கிறார். கீழேயிருந்து ஒரு பதில் வந்தால் இருவரும் பிழைப்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்க முடியாத வண்டியை வீதியில் இறக்கக்கூடாது என்று முடிவு செய்தேன்.

கொழும்பிலிருக்கும் மகனிடம் சொன்னேன். "அப்பா, நல்ல சத்தமா ஒரு பெரிய ஹோர்ன் வாங்கிப் போட்டுருங்க" என்றான். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அக்குறணையிலிருந்து வரும் ஓட்டோ எலக்ட்ரீஷியன் தம்பியை வரச்சொன்னேன். அவருடைய வாப்பாவும் இந்த வண்டியில் கை வைத்தவர்.

தம்பி பொனட்டைத் திறக்கவில்லை. கதவைத் திறந்து உள்விளக்கைத்தான் போட்டுப் பார்த்தார். எரிந்தது. "சேர், பியூஸ் நல்லாயிருக்கு" என்றார். அந்தக் காலத்து மொரிஸ் வண்டிகளில் பியூஸ் பெட்டி சின்னது, இரண்டே பியூஸ். சாவி போடாமலே வேலை செய்யும் ஹோர்னும் உள்விளக்கும் ஒரே பியூஸில் இருக்கின்றன. விளக்கு எரிந்தால் ஹோர்னுக்கும் பியூஸைத் தாண்டி மின்சாரம் வருகிறது என்று அர்த்தம்.

இது எனக்கு அன்றுவரை தெரியாது. அந்த உள்விளக்கோடு எனக்கு ஒரு பழைய உறவு உண்டு. போர்க்காலத்து இரவுகளில் சோதனைச் சாவடி நெருங்கும்போது ஹெட்லைட்டைத் தாழ்த்தி, உள்ளே விளக்கைப் போட்டு, முகம் தெரியும்படி ஊர்ந்து போகவேண்டும். ஹோர்ன் பக்கம் கை போகாது. முகத்தைக் காட்டவும் குரல் கொடுக்கவும் ஒரே பியூஸ்தான் இருந்திருக்கிறது. எத்தனையோ வருடம் அதில் பாதியை மட்டும் பாவித்தோம்.

பிறகு தம்பி ஹோர்னைக் கழற்றி, இரண்டு வயர் இழுத்து நேராக பெட்டரியில் கொடுத்தார். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. "சேர், ஹோர்ன் செத்துப்போச்சுன்னு யாரு சொன்னது? இது ஹோர்ன்ட பிழை இல்ல. வழி அடைச்சிருக்கு."

மீட்டரை வைத்து எனக்குக் காட்டினார். பெட்டரியில் பன்னிரண்டரை வோல்ட் இருந்தது. பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ஹோர்னின் இரண்டு முனைகளுக்கும் நடுவே அளந்தால் 7 வோல்ட்கூட இல்லை. மீதி எங்கே போனது? இந்த வண்டியில் ஹோர்னுக்கு மின்சாரம் எப்போதும் வந்து காத்திருக்கும். பொத்தான் செய்வதெல்லாம், அது பொடிக்குத் திரும்பிப் போகும் வழியைத் திறந்துவிடுவதுதான். எர்த் என்கிறோமே, அந்த வழி. ஸ்டீயரிங் தண்டின் இணைப்புகளில் அறுபது வருடத் துருவும் காய்ந்த கிரீஸும் ஏறி அது அடைபட்டிருந்தது. எவ்வளவு பெரிய ஹோர்னை வாங்கிப் பூட்டினாலும் அதுவும் இப்படித்தான் செருமியிருக்கும். சொல்லப்போனால் இன்னும் மோசம். பெரிய ஹோர்ன் கூடுதல் அம்பியர் கேட்கும், அடைபட்ட வழியில் அந்தளவுக்கு வோல்ட் இன்னும் இறங்கும்.

சாண்ட் பேப்பரால் தொடுமுனைகளைத் தேய்த்து வெள்ளையாக்கினார். ஸ்டீயரிங் தண்டுக்கும் பொடிக்கும் நடுவே புதிதாக ஓர் எர்த் வயர் போட்டார். ஹோர்னின் பின்பக்கத்துச் சிறிய திருகைக் கால் சுற்று திருப்பினார். ஹோர்னுக்குள் ஒரு மின்காந்தம், ஒரு மெல்லிய தகடு, ஒரு தொடுமுனை இருக்கின்றன. காந்தம் தகட்டை இழுக்கும்போதே தொடுமுனை விலகி மின்சாரம் அறுபடும், தகடு திரும்பும், மறுபடி தொடும். ஒரு விநாடிக்குள் இது நூற்றுக்கணக்கான தடவை நடப்பதுதான் நம் காதில் விழும் ஓசை. தொடுமுனை தேய்ந்து இடைவெளி மாறினால் குரல் கம்மும், அந்தத் திருகு அதைச் சரிசெய்யும். ஹோர்னைத் தாங்கும் பட்டையும் பொடியில் எங்கும் இடிக்காமல் அதிர இடம் வேண்டுமாம்.

பழைய குரல் முழுதாகத் திரும்பிவிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஏ9இல் இன்று ஓடுகிற பஸ்கள் இந்த வண்டி வந்த காலத்துப் பஸ்கள் அல்ல. பழையதைக் கழற்றாமல், நத்தைபோலச் சுருண்ட குழல் உள்ள தாழ்ந்த சுருதி ஹோர்ன் ஒன்றைச் சேர்ப்பது என்று முடிவானது. ஒன்றின் குரல் இரைச்சலில் அமிழ்ந்தாலும் மற்றது மேலே வரும். காற்று ஹோர்ன், பல சுருதி ஹோர்ன் எதுவும் வேண்டாம் என்றேன். ஹோர்ன் சத்தத்துக்கு எல்லை வைத்து 2011இலேயே இந்த நாட்டில் ஒழுங்குவிதி வந்திருக்கிறது. அது வராமல் இருந்திருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரி இருக்கிறது, பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன.

இரண்டு ஹோர்னும் சேர்ந்தால் பத்து அம்பியர் அளவில் ஓடும். அதை அந்தப் பழைய பொத்தானின் தலையில் போடக்கூடாது. அதற்காக ஒரு ரிலே. பெட்டரியிலிருந்து தடித்த வயர் பியூஸ் வழியாக ரிலேக்கு வந்து, அங்கிருந்து ஹோர்ன்களுக்குப் போகும். பொத்தான் ரிலேயைத் தட்டி எழுப்புவதோடு சரி, அதற்கு ஒரு அம்பியரில் கால் பங்குகூடத் தேவையில்லை. இந்த வண்டியில் பெட்டரியின் பிளஸ் முனைதான் பொடியோடு சேர்ந்திருக்கிறது. இன்றைய வண்டிகளுக்கு நேர்மாறு. அதனால் உள்ளே டயோட் இல்லாத ரிலேயாகப் பார்த்து வாங்கி வந்திருந்தார். அந்தக் கவனத்துக்காகவே அவர் வாப்பாவை நினைத்துக்கொண்டேன்.

வயரிங் முடிந்ததும், இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம் என்றார். வீட்டுப் பின்புறம் சமையலறையில் என் மனைவி குழாயைத் திறந்துவிட்டு வல்லாரை அலசிக்கொண்டிருந்தாள். பழைய ஹோர்னை இரண்டு முறை அடித்தார். கீச்சென்ற கூர்மையான ஓசை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். அவள் வரவில்லை. அடுத்து தாழ்ந்த சுருதி. ஈரக் கையோடு வாசலுக்கு வந்து, "யாருங்க வந்திருக்கிறது?" என்று கேட்டாள்.

நான் காரின் மேல் கை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

சில வருடங்களாக அவளுக்குக் காது மந்தம். வயதில் முதலில் போவது மேல்சுருதிதான் என்றும், தாழ்ந்த ஓசை நெடுநாள் நிற்கும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். கேட்டுக்கொண்டு வந்தேனே தவிர மனதில் வாங்கவில்லை. முன்னறையிலிருந்து கூப்பிடுவேன். பதில் வராது. கத்துவேன். கத்தும்போது மனிதக் குரல் மேலே ஏறிக் கீச்சிடுகிறது. அவளுக்குக் கேட்காத இடத்துக்கே என் குரலை நான் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். அவளுக்கு வந்து சேர்ந்தது என் முகத்திலிருந்த கோபம் மட்டுந்தான். முப்பது வருடம் வகுப்பறையில் நின்றவன் நான். கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்குக் கேட்கவில்லை என்றால் இறங்கிப் போய்ப் பக்கத்தில் நிற்கத் தெரிந்தவன், என் வீட்டில் அதைச் செய்யவில்லை. வழி அடைபட்ட இடத்தில் பெரிய ஹோர்ன் பூட்டிக்கொண்டிருந்தேன்.

கிளாக்ஸன் என்ற மின்சார ஹோர்னை 1908 வாக்கில் அமெரிக்காவில் உருவாக்கியவர் மில்லர் ரீஸ் ஹச்சிசன். அதற்கு முன் காது மந்தமானவர்களுக்கு மின்சாரக் கேட்புக் கருவி செய்து பெயர் வாங்கியவரும் அவரேதான். முன்பு இதைப் படித்தபோது புதினமாக இருந்தது. இப்போது அந்த இரண்டும் ஒரே மனிதரின் கையிலிருந்து வந்தது இயல்பென்றே படுகிறது.

அன்றிலிருந்து நான் முன்னறையிலிருந்து கூப்பிடுவதில்லை. எழுந்து போகிறேன். அவள் என் முகத்தைப் பார்க்கிற இடத்தில், வெளிச்சம் என் மேல் விழும்படி நின்று, குரலைத் தாழ்த்தி, மெதுவாகச் சொல்கிறேன். பத்துக்கு எட்டு விளங்குகிறது. மற்ற இரண்டை மறுபடி சொன்னால் போகிறது. முழங்கால் வலிக்கிற நாளில் எழும்பச் சோம்பல் வரத்தான் செய்கிறது.

மாலை நாலரைக்கு எங்கள் ஒழுங்கையில் பாண் விற்கிற ஓட்டோ வரும். நாடு முழுக்க அந்த ஓட்டோக்கள் வாசிக்கிற அதே மெட்டு, 1810இல் பீத்தோவன் எழுதியது. அப்போது அவருக்கும் காது மங்கிக்கொண்டிருந்தது. அந்த மெட்டு சன்னமானது, மேல்சுருதி. ஒருகாலத்தில் எனக்கு முன்னால் அவள்தான் அதைக் கேட்டு வாசலுக்குப் போவாள்.

நேற்றும் வந்தது. போய் அவள் தோளைத் தொட்டேன்.

"பாண் வண்டியாங்க?"

"ஆமா. வளைவுகிட்ட வருது."

சில்லறைப் பையை எடுத்துக்கொண்டு இருவரும் இறங்கினோம்.