காலிப் பையின் எடை எவ்வளவு?

முகூர்த்த மாதங்களில் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், பயணப் பைகளில் எத்தனை வகை என்று தெரிந்துவிடும். கல்யாணப் பட்டு எடுக்க வந்த குடும்பத்தின் கையில் கட்டைப்பைகள். கோயில் கோயிலாகப் போகும் வெளியூர் பக்தரின் தோளில் பேக்பேக். நெய்த சேலையைக் கூட்டுறவுச் சங்கத்தில் கொடுக்கப் போகும் நெசவாளரின் வண்டியில் துணி மூட்டை.

மூவரின் தேவையும் வேறு. ஆனால் பை வாங்கும்போது பலரும் பார்ப்பது நிறம், அளவு, விலை மட்டும்தான். அதைத் தூக்கப்போவது யார் என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் பட்டு எடுக்க வருபவர். ஜரிகையைப் பொறுத்து ஒரு காஞ்சிப் பட்டு அரைக் கிலோவும் இருக்கும், ஒரு கிலோவைத் தாண்டியும் இருக்கும். பத்துப் புடவை எடுத்தால் ஏழெட்டுக் கிலோ ஆகிவிடும். உள்நாட்டு விமானத்தில் கையோடு கொண்டுபோக பொதுவாக 7 கிலோதான் அனுமதி. சின்ன டிராலியே காலியாக 3 கிலோ இருந்தால், புடவைக்கு மிஞ்சுவது 4 கிலோதான்.

பெட்டிக்குச் சக்கரம் வைக்கும் யோசனை 1970-ல் பெர்னார்ட் சாடோ என்ற அமெரிக்கருக்கு வந்தது. கடைக்காரர்கள் முதலில் வாங்க மறுத்தார்கள். 1972-ல் காப்புரிமை கிடைத்தது. 1987-ல் ராபர்ட் பிளாத் என்ற விமானி, நீளும் கைப்பிடியோடு நிமிர்த்தி இழுக்கும் பெட்டியைச் செய்தார். விமான நிலையத்தின் வழவழப்பான தரைக்கு அது அருமையான ஏற்பாடு. பஸ் படியிலும், ரயில் நிலைய மேம்பாலத்திலும், கோயிலின் கருங்கல் தளத்திலும் அதே சக்கரம் கூடுதல் சுமை.

அடுத்து பக்தர். 2019-ல் அத்திவரதர் வைபவம் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் நடந்தது. வரிசையில் மணிக்கணக்கில் நின்றவர்களில் முதியவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் உண்டு. இப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு தோளிலும் எடை பிரியும் சின்னப் பை போதும். தண்ணீர் பாட்டில் பக்கவாட்டில், மாத்திரை வெளிப்பாக்கெட்டில் இருக்க வேண்டும். இரண்டு கையும் காலியாக இருந்தால்தான் குழந்தையையோ கைப்பிடிக் கம்பியையோ பிடித்துக்கொள்ள முடியும்.

நெசவாளரின் மூட்டைக்கு வேறு கணக்கு. பட்டு நூலையும் ஜரிகையையும் எடை போட்டு வாங்குகிறார். சேலையையும் எடை போட்டே திருப்பிக் கொடுக்கிறார். வழியில் ஓர் எண்ணெய்க் கறையோ மழைத்துளியோ பட்டாலும், ஜிப் பல்லில் ஓர் இழை மாட்டினாலும் பல நாள் உழைப்பு பாழ். அவருக்கான பை அகலமாக, தட்டையாக இருக்க வேண்டும். உள்ளே பருத்தித் துணி, வெளியே நனையாத துணி, ஜிப்புக்குப் பதில் மடிப்பு மூடி.

இவ்வளவுக்கும் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஜவுளிக்கடைக் கட்டைப்பையே நல்ல தொடக்கம். எடை மிகக் குறைவு, காலியானால் மடித்து வைக்கலாம், தரையில் வைத்தால் நிற்கும். குறை இரண்டு: பஸ் பிரேக் போட்டால் கவிழ்ந்து உள்ளே இருப்பதெல்லாம் சீட்டுக்கடியில் உருளும், கைப்பிடி விரலை அறுக்கும். மேலே ஒரு மூடி, கைப்பிடியில் மெத்தென்று துணிச் சுற்று, தோளில் மாட்ட ஒரு நீளப் பட்டை. தெரு முனை தையல்காரரே தைத்துக் கொடுத்துவிடுவார். உள்ளே வைக்கும் பட்டை மட்டும் பிளாஸ்டிக் கவரில் வைக்காமல் பருத்தித் துணியில் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் தங்கிவிடும்.

2021 டிசம்பர் 23 அன்று தமிழக அரசு தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம், காய்கறிக் கடைக்குத் துணிப்பையை எடுத்துப்போகச் சொன்னது. வெளியூர்ப் பயணத்துக்கும் துணிப்பை சரிப்படும், கொஞ்சம் மாற்றித் தைத்தால்.

பல வீடுகளில் பெட்டியைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், கடைசியில் பஸ்ஸில் ஏற்றி இறக்குபவர் அம்மா அல்லது பாட்டி. தோள்வலியோடு ஊர் திரும்புவதும் அவர்களே. அடுத்த முறை பை வாங்கும்போது அவர்களையும் கடைக்குக் கூட்டிப்போய், காலிப் பையை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கனக்கிறது என்று அவர்கள் சொன்னால் அந்தப் பை வேண்டாம்.