வகுப்பறைத் தொட்டிக்கு எந்த மீன்?

“வெள்ளிக்கிழமை ஸ்கூல் முடிஞ்சதும் மெயின் சுவிட்ச அடைச்சிருவாங்களா டீச்சர்?”

பினாங்கின் ஜார்ஜ்டவுனில், பழைய கடைவீடு ஒன்றில் இயங்கும் மீன்கடை. நான்காம் வகுப்புக்கு இரண்டடித் தொட்டி வாங்க வந்த தமிழ்ப்பள்ளி ஆசிரியையோடு நானும் போயிருந்தேன். தவுக்கே எனப்படும் சீன முதலாளி கல்லாவில் இருந்தார். தொட்டிகளுக்கு நடுவே நின்று வியாபாரம் பேசியவர் அங்கே வேலை பார்க்கும் நம் அண்ணன் ஒருவர். டீச்சர் தங்கமீன் கேட்டார். அண்ணன் திருப்பிக் கேட்டதுதான் அந்த மெயின் சுவிட்ச் கேள்வி. காரணம் இருக்கிறது.

வடிகட்டிப் பஞ்சுக்குள் குடியிருக்கும் நுண்ணுயிரிகள்தான் மீன்கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஓடுகிற தண்ணீரும் அதிலுள்ள ஆக்சிஜனும் இல்லாவிட்டால் அவை பிழைக்காது. சனி, ஞாயிறு மின்சாரம் இல்லையென்றால், திங்கட்கிழமை சுவிட்சைப் போட்டதும் பஞ்சில் தேங்கிக் கெட்ட நீர் தொட்டிக்குள் பாயும். பூட்டிய அறையின் வெக்கையில் தண்ணீர் சூடேறி ஆக்சிஜனும் குறைந்திருக்கும். நிறையத் தின்று நிறையக் கழிக்கிற, குளிர்நீருக்குரிய தங்கமீன் இதைத் தாங்குமா? அதைக் கண்ணாடிக் கிண்ணத்தில் நீந்தவிடும் படப்புத்தகங்களை நான் மன்னிப்பதாக இல்லை.

பினாங்கு டிஸ்கஸ் வளர்ப்புக்குப் பேர்போன ஊர். தட்டுப்போல வட்டமாய்ச் சிவந்த அந்த மீன்கள் மூலைத்தொட்டியில் மிதந்தன. அண்ணன் டீச்சரை அந்தப் பக்கம் திரும்பவே விடவில்லை. “அது தண்ணி மாத்திக்கிட்டே இருக்கிற ஆளுக்கு.”

அவர் காட்டியது கண்ணைப் பறிக்காத ஒரு பழுப்பு மீன். விரல் நீளம்கூட இல்லை. பம்ப்பை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கச் சொன்னார். இரண்டு ஆண்மீன்கள் துடுப்பை விரித்து ஒன்றையொன்று சுற்றின. கண்ணாடிக்கு வெளியே ‘கர்ர்’ என்று தெளிவாகக் கேட்டது! சத்தம்போடும் கௌராமி. மார்புத்துடுப்பின் தசைநாண்களை மீட்டி இந்த ஒலியை எழுப்புகிறது. மலாயாவின் வயலிலும் வாய்க்காலிலும் வாழும் உள்ளூர் மீன் என்பதால் இங்குள்ள சூடு அதற்குப் பழக்கம், ஹீட்டர் தேவையில்லை. செவுளுக்கு மேலுள்ள மடிப்பு மடிப்பான உறுப்பால் நேரடியாகக் காற்றையும் சுவாசிக்கும். அதனால் பம்ப் நின்றாலும் நீர்மட்டத்துக்கு வந்து ஒரு வாய் காற்று வாங்கிச் சமாளித்துக்கொள்ளும்.

நம் பனையேறிக் கெண்டைக்கும் இதே உறுப்புதான். தரங்கம்பாடியில் அது பனைமரத்தில் ஏறியதைப் பார்த்ததாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதிய குறிப்பு 1797இல் லண்டனில் அச்சானது. பினாங்குக்கும் இந்த உறுப்புள்ள மீன்களின் கதையில் பங்குண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் தியோடர் கேன்ட்டர் 1849இல் விவரித்த ‘பெட்டா பக்னாக்ஸ்’ இந்தத் தீவில் கிடைத்த மீன்தான். சண்டைமீனின் உறவான அதில், முட்டைகளை ஆண்மீன் வாயில் வைத்துக் காக்கும்.

கௌராமிக்குத் துணையாக டீச்சர் சீப்ரா டேனியோ ஆறு தேர்ந்துகொண்டார். அதன் முட்டை கண்ணாடிபோல இருக்கும். குஞ்சு உருவாவதைப் பிள்ளைகள் உருப்பெருக்கியில் பார்க்கலாம். துள்ளும் மீன் என்பதால் மூடி அவசியம். காற்றைச் சுவாசிக்கும் வித்தை அதற்குத் தெரியாது. ஆகவே பாட்டரியில் ஓடும் காற்றுப்பம்ப் ஒன்றையும் அண்ணன் கணக்கில் சேர்த்தார். இரண்டடித் தொட்டியின் 50 லிட்டர் சொச்சத் தண்ணீருக்குப் பத்து மீனுக்குமேல் தரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். கூடுதலாக விற்றால் கடைக்குத்தானே லாபம் என்று கேட்டேன். “செத்த மீனைப் பார்த்த பிள்ள மறுபடி கடைக்கு வராது சார்.”

மீன் பொறுக்குகிற அவர் கையைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வலையை உடனே விடவில்லை. தீனியை ஒரு சிட்டிகை தூவி, எது முந்தி வருகிறது என்று பார்த்தார். துடுப்பை ஒடுக்கிக்கொண்டு ஓரமாக நின்றது, வயிறு ஒட்டியது, உப்புப்பொடி தூவியதுபோல் வெள்ளைப்புள்ளி உள்ளது எல்லாவற்றையும் ஒதுக்கினார். ஒரு மீனில் புள்ளி கண்டால் அந்தத் தொட்டியிலிருந்தே எதையும் எடுப்பதில்லையாம். தேறியவற்றுக்கு அதற்குமேல் அன்று தீனி கிடையாது. பையிலுள்ள தண்ணீர் அழுக்காகாமல் இருக்கத்தான். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி சிலிண்டர் ஆக்சிஜன். வாயை முறுக்கி ரப்பர் வளையத்தைச் சுற்றிய வேகத்தில் விரல் எது, வளையம் எது என்று தெரியவில்லை.

அதெல்லாம் செயல்முறை விளக்கம்தான். தொட்டி மட்டும் அன்று பள்ளிக்குப் போனது. குழாய்த்தண்ணீரில் ஆன்ட்டி குளோரின் சொட்டுகள் விட்டு, கடைத்தொட்டியின் பழைய பஞ்சு ஒரு துண்டைப் போட்டு, நுண்ணுயிரிகளுக்காகக் கொஞ்சம் தீனியும் தூவி ஓடவிட வேண்டும். நுண்ணுயிரிகள் பெருகியபின், நாலைந்து வாரம் கழித்து வந்து மீனை வாங்கிக்கொள்ளலாம். இந்தக் காத்திருப்பைச் சொல்லாமல் அன்றே மீனைக் கட்டிக்கொடுக்கும் கடையை நம்பாதீர்கள்.

பாசி தின்னுமே என்று, உறிஞ்சுவாய்க் கெளுத்தியான பண்டாராயா மீனையும் டீச்சர் கேட்டார். கைக்குள் அடங்கும் குட்டி ஓரடிக்குமேல் வளரும் என்று அண்ணன் மறுத்துவிட்டார். தென்னமெரிக்காவைச் சேர்ந்த அந்த மீன், வளர்த்தவர்கள் கொண்டுபோய் விட்டதால் இன்று மலேசிய ஆறுகளில் பெருகிக் கிடக்கிறது. ஆண்டிறுதியில் தொட்டியைக் காலிசெய்யும் ஆசிரியர்களே, மீனைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்க்கத் தெரிந்த மாணவர் வீட்டுக்கு அனுப்புங்கள். வாய்க்காலில் விடாதீர்கள்.