கன்றும் கஞ்சியும்

தோட்டக் கணக்கேடுகளோடு பத்தாண்டுகளுக்கு மேல் பழகிய நமக்கு ஓர் உண்மை நன்கு விளங்கும். ரப்பர்க் கன்று நட்டபின் பால் வெட்டச் சுமார் ஆறாண்டுகள் காத்திருத்தல் வேண்டும். பெருந்தோட்டத்திற்கு இஃது இடுக்கணன்று. ஒரு பகுதி கன்றாயிருக்கப் பிற பகுதிகள் பால் தரும். மூன்று ஏக்கரே உடைய சிறுதோட்டக்காரரோ, முதிர்ந்த மரங்களைச் சாய்த்த அன்றே வருவாயையும் சாய்த்து விடுகிறார்.

மலாயாவில் 1952-இல் மறுநடவு நிதி ஏற்பட்டது. ஏற்றுமதியாகும் ரப்பரின்மீது விதித்த வரியே அதன் முதல். 1973-இல் சிறுதோட்டக்காரர்க்கான அப்பணி ரிஸ்டா என்னும் அமைப்பைச் சேர்ந்தது. நன்முயற்சியே! ஆயினும் நம்மிடம் மனு எழுதுவிக்க வரும் அயலார், "எத்தனை வெள்ளி தருவார்கள்?" என்பதைவிட, "எப்பொழுது தருவார்கள்?" என்றே மிகுதியும் கேட்கின்றனர். தவணை தாழ்ந்தால் உரமிடும் பருவம் தவறும்; மளிகைக் கடையில் கடன் ஏறும்; ஈற்றில் நிலமே கைமாறவும் கூடும்.

1956-இல் தோன்றிய பெல்டா, மரம் பலனளிக்கும்வரை குடியேறியோரின் பிழைப்புக்குப் பணம் முன்னளித்து, அதனைக் கடனில் சேர்த்துப் பின்னர்த் திரும்பப் பெற்றது. கன்றோடு கஞ்சியையும் எண்ணிய ஏற்பாடு அது. நிரைகளுக்கிடையே வாழையும் அன்னாசியும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் விளையும். ஆனால் விளைந்ததை வாங்க ஆளும், ஏற்றிச் செல்லப் பாதையும் இல்லையேல் அவை நிலத்திலேயே அழுகும்.

ஆதலின், உதவித் திட்டம் வகுக்கும் பெரியோர்க்கு நாம் கூறுவது இதுவே: மரத்துக்கு ஆறாண்டுக் கணக்கு எழுதும்போது, அதே ஏட்டில் குடும்பத்தின் ஆறாண்டு உணவுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். நம் மக்களும் கையொப்பமிடுமுன் அப்பத்தியைத் தேடிப் பார்த்தல் வேண்டும்.