நூற்றுக்கு இரண்டு பேர்

அறிவியல் புனைவுத் தொடர் எண்டாலே எங்கட பெடியள் ‘பிளாக் மிரர்’ பற்றித்தான் கதைப்பினம். எனக்கு அதைவிட நெஞ்சுக்குக் கிட்ட வந்தது, எச்.பி.ஓ.வில் 2014 முதல் 2017 வரை மூன்று பருவங்களாக வந்த ‘தி லெஃப்ட்ஓவர்ஸ்’. ஒரு ஒக்ரோபர் 14ஆம் திகதி, உலகச் சனத்தொகையில் இரண்டு வீதம், கிட்டத்தட்ட 14 கோடிப் பேர், ஒரே கணத்தில் இல்லாமல் போகிறார்கள். சத்தமில்லை, உடலில்லை. மூன்று வருடம் கழித்து, மிச்சமிருக்கிறவர்களோடு கதை தொடங்குகிறது. ஏன் போனார்கள் என்பதைக் கடைசிவரை சொல்லவே இல்லை.

நோரா என்றொரு பெண். கணவனும் இரண்டு பிள்ளைகளும் சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே மறைந்துவிட்டார்கள். அவள் வேலை செய்வது ஒரு அரசாங்கத் திணைக்களத்தில். தன்னைப் போலவே ஆட்களை இழந்த குடும்பங்களிடம் நீண்ட படிவமொன்றோடு போய்க் கேள்வி கேட்பதுதான் வேலை. முதல் பருவத்தின் ஆறாவது அத்தியாயத்தில், மறைந்தவர்களைப் போலவே பொம்மை செய்து விற்கிற நிறுவனம் ஒன்றும் வருகிறது. புதைக்கிறதுக்கு ஏதாவது வேணும்தானே.

எனக்கு அது அமெரிக்கா மாதிரியே தெரியேல்ல. இங்கே 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, மரணச் சான்றிதழ் வேண்டாம் என்கிற குடும்பம், காணாமல் போனமைக்கான சான்றிதழ் எடுக்கலாம். ஆள் இருக்கிறார் எண்டும் இல்லை, செத்தார் எண்டும் இல்லை. இருப்பு, இன்மை எண்டு மெய்யியல் வகுப்பில் மண்டையை உடைக்கிற விசயத்தை எங்கட சனத்துக்கு முத்திரை குத்திக் கையில குடுக்கினம்.

ஒருநாள் பெரியம்மாவும் பக்கத்தில இருந்து பார்த்தா. 96இல தம்பியைத் தொலைச்சவ. கதையைச் சொன்னன்.

“அப்ப ஆர் பிடிச்சுக்கொண்டு போனது?”

“ஒருத்தரும் பிடிக்கேல்ல பெரியம்மா. தானா மறைஞ்சிட்டினம்.”

“அதெப்பிடித் தானா மறையிறது?” எண்டுட்டுத் தேத்தண்ணி போட எழும்பிப் போட்டா.

‘காணாமல் போனோர்’ எண்டு எழுதினால் எங்கட தாய்மார் ஏன் திருத்துகிறார்கள் என்பது எனக்கு அப்பதான் உறைச்சது. ‘ஆக்கப்பட்டோர்’ எண்டால் ஆக்கினவன் ஒருத்தன் இருக்க வேணும். லெஃப்ட்ஓவர்ஸில் அந்த எழுவாய் கிடையாது. மர்மத்தை மர்மமாகவே விட்டு வாழப் பழகு என்பதுதான் அதன்ர தத்துவம். கடவுளிடமோ இயற்கையிடமோ கேட்கிற கேள்விக்கு அது சரியாக இருக்கலாம். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் படங்களோடு குந்திய அம்மாமார் கேட்டது அரசாங்கத்திடம். பதில் தெரிந்தவர்கள் இருக்கிற கேள்விக்கு மர்மம் எண்டு பேர் வைக்கேலாது.

இவ்வளவு சொன்னாலும் கடைசி அத்தியாயம் எனக்குப் பிடிக்கும். மறைந்தவர்கள் போன இடத்துக்குத் தான் ஒரு இயந்திரத்தில் போய்வந்ததாக நோரா சொல்கிறாள். கமரா அந்த இடத்தைக் காட்டாது, அவளின் முகத்தை மட்டும் காட்டும். உண்மையோ பொய்யோ, கேட்டுக்கொண்டிருக்கிற கெவின் நம்புகிறான். சாட்சி சொல்பவரை நம்புவது எண்டால் என்ன என்று அதற்குப் பிறகு நெடுநேரம் யோசிச்சன்.

செம்மணியில் 300 தொடக்கம் 400 உடல்கள் புதைக்கப்பட்டதாக ஒரு இராணுவக் கோப்ரல் நீதிமன்றத்தில் சொன்னது 1998இல். 1999இல் தோண்டி எடுத்தது 15. பிறகு 2025இல், செம்மணிச் சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். அந்த ஓகஸ்ட் 5ஆம் திகதி, குழிகளில் கிடைத்த பொருட்களை அடையாளம் காணச் சொல்லிச் சனத்துக்குக் காட்டினார்கள். அதில் நீலநிறப் புத்தகப்பை ஒன்றும் விளையாட்டுப் பொம்மை ஒன்றும் இருந்தன.